ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் – எண்ணூர், காட்டுப்பள்ளி கன்டெய்னர் போக்குவரத்து: சாலையை அகலப்படுத்தினால் போதுமா, ரயில் வேண்டுமா?

திட்டமிடல்_மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். போக்குவரத்துத் திட்டமிடலில் முதுகலை கடைசி ஆண்டு படிக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியிலிருந்து சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்று துறைமுகங்களுக்கும் உள்ள சரக்கு இணைப்பை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன்.

இதுவரை செய்தது இதுதான். அந்தப் பகுதியிலிருந்து வருடத்துக்கு எவ்வளவு கன்டெய்னர் போகிறது என்று ஒரு மதிப்பீடு எடுத்தேன். அதை 365ஆல் வகுத்து, ஒரு நாளைக்கு இத்தனை ட்ரெய்லர் என்று கணக்கிட்டேன். பிறகு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, திருவொற்றியூர்–பொன்னேரி சாலை இரண்டின் கொள்ளளவோடு ஒப்பிட்டேன். எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர் வரை வரும் சென்னை எல்லைச் சாலையின் முதல் பகுதியையும் (25 கி.மீ.) சேர்த்துக்கொண்டேன். கணக்குப்படி இதுவே தாராளமாகப் போதும் என்று வருகிறது. வழிகாட்டி பார்த்துவிட்டு, "கணக்கு சரி, ஆனால் இப்போதே அந்தச் சாலையில் ஏன் வண்டி நிற்கிறது என்பதற்கு இதில் பதில் இல்லையே" என்றார். களத்தில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டு வரச் சொன்னார்.

சாலை போதும் என்றால் வண்டிகள் ஏன் வரிசையில் நிற்கின்றன? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் விட்டால் ட்ரெய்லர்கள் குறையுமா? நான் சாலையோரம் நின்று கணக்கெடுப்பதாக இருந்தால் எதை, எப்போது, எங்கே எண்ண வேண்டும்? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவி.

ரயில்பிரியன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு கன்டெய்னர் ரேக் (ஒரு முழுச் சரக்கு ரயில்) என்றால் 45 வேகன், 20 அடிப் பெட்டியாகக் கணக்கிட்டால் 90 பெட்டி. ஒரு ரயில் போனால் சாலையில் அத்தனை ட்ரெய்லர் குறைகிறது. எண்ணூரில் 2001இல் துறைமுகம் தொடங்கியதே நிலக்கரிக்காகத்தான். அத்திப்பட்டு புதுநகரிலிருந்து உள்ளே தண்டவாளம் இருக்கிறது. கடம்பத்தூரிலிருந்து மப்பேடு லாஜிஸ்டிக்ஸ் (சரக்குக் கையாளும்) பூங்காவுக்குப் புதுப் பாதையும் திட்டத்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் துறைமுகத்துக்கென்றே 32 கி.மீ. ரயில் பாதை போட்டு, அதில் பாதியைத் தரைக்குக் கீழே பள்ளம் தோண்டிக் கொண்டுபோய் 2002இல் திறந்துவிட்டார்கள். நாம் இன்னும் சாலையை அகலப்படுத்துவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மணலி_ட்ரெய்லர்

தம்பி, உங்கள் வழிகாட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மணலியில் ட்ரெய்லர் நடத்துகிறேன். சொந்த வண்டி சில, மீதி அட்டாச்மென்ட், அதாவது அடுத்தவர் வண்டியைச் சேர்த்து ஓட்டுவது. அதற்கு முன்னால் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் துறைமுக கேட் வேலை பார்த்தவன். பி.சி.யு. (எல்லா வண்டியையும் கார் அளவுக்கு மாற்றிப் போடுகிற) கணக்கெல்லாம் எனக்கு வராது, வண்டிக் கணக்குத் தெரியும்.

முதலில் அந்த 365. பெட்டி தினமும் ஒரே அளவில் வருவதில்லை. கப்பல் வருகிறது, அதற்கு ஒரு கட்ஆஃப் இருக்கிறது. அதற்குள் கேட்டுக்குள் போகாத பெட்டி அடுத்த கப்பலுக்குத்தான். மிகவும் முன்னதாகவும் கொண்டுபோக முடியாது, அந்தக் கப்பலுக்கு கேட் திறக்க வேண்டும். ஆக எல்லா ஏற்றுமதியாளரும் ஒரே இடைவெளிக்குள் வந்து விழுவார்கள். இதற்கு மேல் மாதக் கடைசி. கம்பெனிகள் அந்த மாத விற்பனைக் கணக்கில் காட்டியாக வேண்டும் என்று 25ஆம் தேதிக்கு மேல்தான் சரக்கைத் தள்ளுவார்கள். அதற்கும் மேல், நகரத்துச் சாலைகளில் பகலில் கனரக வண்டிக்குத் தடை, அதனால் பாதி ஓட்டம் இரவில்தான். உங்கள் சராசரி நாள் என்று ஒன்று எங்கள் தொழிலில் கிடையாது. பத்தாம் தேதி பகலில் மீஞ்சூர் பக்கம் வந்தீர்களென்றால் சாலையில் கிரிக்கெட் ஆடலாம். முப்பதாம் தேதி இரவு வந்து பாருங்கள்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு. நீங்கள் மட்டுமல்ல, திட்டம் போடுகிற எல்லோருமே வரைபடத்தில் தொழிற்சாலையிலிருந்து துறைமுகத்துக்கு ஒரு கோடு போடுகிறீர்கள். பெட்டி அப்படிப் போவதில்லை.

ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு 40 அடிப் பெட்டி ஒன்று காட்டுப்பள்ளி போக வேண்டும் என்று வையுங்கள். ஷிப்பிங் லைனில் (கப்பல் கம்பெனியில்) புக்கிங் ஆகும். காலிப் பெட்டியை எங்கே எடுக்க வேண்டும் என்று ஒரு ஆர்டர் வரும். அந்த எம்ப்டி யார்டு பெரும்பாலும் மணலி, மாதவரம் பக்கம்தான். என் வண்டி அங்கே போய் வரிசையில் நிற்கும். முறை வந்ததும் மெஷின் ஒரு பெட்டியை இறக்கி வைக்கும். உடனே ஏற்றிக்கொண்டு ஓட முடியாது. டிரைவர் உள்ளே போய்க் கதவை மூடச் சொல்வார். கும்மிருட்டில் நின்று கூரை, பக்கச் சுவர், மூலை எல்லாம் பார்ப்பார். எங்காவது ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம், மழைத் தண்ணீர் உள்ளே போகும். தரைப் பலகையில் எண்ணெய்க் கறையோ மிளகாய் நெடியோ இருந்தாலும் கம்பெனியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேறு பெட்டி கேட்டால் மறுபடி மெஷினுக்குக் காத்திருக்க வேண்டும். நல்ல பெட்டி கிடைத்து வெளியே வரும்போது இரவு ஆகிவிடும்.

அங்கிருந்து ஒரகடம். நடுராத்திரியில் போய்ச் சேர்ந்தால் யாரும் லோடு ஏற்றப் போவதில்லை, காலை ஷிப்டு வரைக்கும் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். லோடு முடிந்து, இ-சீல் (மின்னணு முத்திரை) போட்டு, பேப்பர் கைக்கு வர மத்தியானம் தாண்டும். எடைமேடைச் சீட்டு வேண்டும். 2016 ஜூலையிலிருந்து மொத்த எடையைச் சரிபார்த்துக் கொடுக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அப்புறம் வெளிவட்டச் சாலையைப் பிடித்து மீஞ்சூர், அங்கிருந்து காட்டுப்பள்ளி. ஏறக்குறைய 90 கி.மீ. வரும். ஃபார்ம் 13 (பெட்டி துறைமுகத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு) வராவிட்டால் கேட்டுக்குள் விடமாட்டார்கள். கஸ்டம்ஸ் பேப்பரில் ஒரு எழுத்து தப்பினாலும், கேட் திறக்காவிட்டாலும், வண்டி சாலையோரம்தான். உள்ளே போய்ப் பெட்டியை இறக்கிவிட்டு, பெரும்பாலும் வெறும் ட்ரெய்லராக மணலி திரும்பும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். காலிப் பெட்டியோடு ஒரு ஓட்டம், லோடோடு ஒரு ஓட்டம், வெறும் வண்டியாக ஒரு ஓட்டம். உங்கள் கணக்கில் ஒன்று, சாலையில் மூன்று. இறக்குமதியும் இப்படித்தான். துறைமுகத்திலிருந்து சி.எஃப்.எஸ். (துறைமுகத்துக்கு வெளியே உள்ள கன்டெய்னர் கிடங்கு), அங்கிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து காலிப் பெட்டி யார்டுக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மேலே சொன்ன சுற்றில் வண்டி உண்மையில் ஓடுவது ஆறேழு மணி நேரம். ஆனால் சுற்று முடிய ஒன்றரை நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகிறது. மீதி நேரமெல்லாம் யார்டில், கம்பெனி வாசலில், பேப்பருக்கு, கேட்டுக்கு என்று நிற்பதுதான். சாலையை எட்டு வழியாக்கினாலும் அந்த ஆறேழு மணியில் ஒன்றைத்தான் குறைப்பீர்கள். நிற்கிற நேரம் அப்படியே இருக்கும். நிற்பதற்கு இடம் ஒதுக்காமல் சாலை போட்டால் ட்ரெய்லர்கள் அந்தச் சாலையிலேயே நிற்கும். ஆறு வழிச் சாலையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வழி எங்கள் வண்டிக்குப் போய்விடும், மீதி நாலு வழி. உங்கள் வழிகாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

ரயில்பிரியன் சார், உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. எனக்கும் ரயில் மேல் கோபம் இல்லை. ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் பாதையில் ஏறுகிற பெட்டி சிகாகோ வரைக்கும் போகிறது, மூவாயிரம் கி.மீ.க்கு மேல். அந்த ஊரைச் சுற்றியுள்ள கிடங்குகளுக்கு அங்கேயும் லாரிதான். ஸ்ரீபெரும்புதூர் எங்கே இருக்கிறது? கம்பெனியிலிருந்து ரயில் முனையத்துக்கு ஒரு ட்ரெய்லர், அங்கே கிரேனால் பெட்டியை மாற்ற ஒரு தூக்கு, துறைமுகத்தில் இன்னொரு தூக்கு. ஒவ்வொரு தூக்குக்கும் காசு. தூரம் நூறு கி.மீ.கூட இல்லாதபோது ரயிலில் மிச்சமாவது இந்தத் தூக்குக் கூலிக்கே போய்விடும். ரேக் நிரம்பும் வரை பெட்டி காத்திருக்கவும் வேண்டும். துறைமுகமோ மூன்று, அதற்குள் முனையங்கள் வேறு. 90 பெட்டியும் ஒரே முனையத்துக்கு, ஒரே கட்ஆஃபுக்கு எந்தக் கிழமை சேரும்? பெங்களூர் வைட்ஃபீல்டிலிருந்து சென்னைக்கு ரயிலில் பெட்டி வருகிறதே, அது நியாயம். முந்நூற்றைம்பது கி.மீ. அளவுக்குத் தூரம் இருக்கிறது, ஒரே இடத்தில் பெட்டியும் சேர்கிறது.

திட்டமிடல்_மாணவன்

அண்ணா, மிக்க நன்றி. காலிப் பெட்டி ஓட்டத்தை நான் எண்ணவே இல்லை. ஒரு சந்தேகம். ஒரகடத்திலேயே ஒரு கம்பெனி இறக்குமதிப் பெட்டியைக் காலி செய்கிறது, பக்கத்துக் கம்பெனிக்கு ஏற்றுமதிக்குக் காலிப் பெட்டி வேண்டும். அதையே எடுத்துக் கொடுத்தால் இரண்டு ஓட்டம் மிச்சம்தானே? ஏன் மணலி வரை போய்த் திரும்ப வேண்டும்?

மணலி_ட்ரெய்லர்

இதை எங்கள் ஆட்களும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடக்கிறது, ஆனால் குறைவு.

பெட்டி கம்பெனியுடையது இல்லை, லைனுடையது. இறக்குமதி ஒரு லைனில் வந்திருக்கும், பக்கத்துக் கம்பெனியின் புக்கிங் வேறு லைனில் இருக்கும். லைன் ஒன்றாக இருந்தாலும் அளவு சேராது. எலக்ட்ரானிக்ஸ், உதிரிப் பாகம் எல்லாம் 40 அடி ஹைக்யூபில் (உயரம் கூடிய பெட்டியில்) வரும். வெளியே போகிற வார்ப்பு, கிரானைட் மாதிரி கனமான சரக்குக்கு 20 அடிதான் வேண்டும், 40 அடியில் போட்டால் இடம் பாதி இருக்கும்போதே எடை முடிந்துவிடும். அளவும் சேர்ந்தால் பெட்டியைப் பார்த்து "நல்ல நிலையில் இருக்கிறது" என்று கையெழுத்துப் போட ஆள் வேண்டும். அந்த ஆள் யார்டில் இருக்கிறார். அடிபட்ட பெட்டி என்றால் பழுதுக் காசு யார் தலையில் என்ற சண்டை வரும். நிறைய இறக்குமதிப் பெட்டி ஒரகடம் வரைக்கும் வருவதே இல்லை, சி.எஃப்.எஸ்.ஸிலேயே காலி செய்து சரக்கைச் சாதாரண லாரியில் அனுப்பிவிடுகிறார்கள்.

அதனால்தான் மப்பேடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 184 ஏக்கர், சென்னைத் துறைமுகத்திலிருந்து சுமார் 50 கி.மீ., ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கம். ரயில் வந்தால் நல்லதுதான். ஆனால் ரயில் வருவதற்கு முன்பே லைன்கள் தங்கள் காலிப் பெட்டிகளை அங்கே வைத்து, பார்வையிட ஆளும் பழுது பார்க்க வெல்டரும் உட்கார்ந்துவிட்டால், மணலி–ஒரகடம் காலி ஓட்டம் பாதியாவது குறையும். உங்கள் ஆய்வில் துறைமுகத்துக்குப் பாதை போடுவதற்கு முன்னால் யார்டு எங்கே என்று ஒரு அத்தியாயம் எழுதுங்கள். யார்டு இருக்கும் இடத்தை வைத்துத்தான் ட்ரெய்லர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது முடிவாகிறது. யார்டுகள் வடசென்னையில் இருப்பதற்குக் காரணம் அந்தக் காலத்தில் சென்னைத் துறைமுகம் ஒன்றுதான், காலி நிலமும் அங்கேதான் கிடைத்தது. தொழிற்சாலைகள் மேற்கே போய்விட்டன, யார்டு அங்கேயே நின்றுவிட்டது.

சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலையையும் இதே கண்ணோடு பாருங்கள். 2009இல் அடிக்கல், 2012இல் கூவம் நீரோட்டம் தடைபடுகிறது என்று நிறுத்தினார்கள், 2022இல் இரண்டடுக்காக மாற்றி மறுபடி அடிக்கல். கீழ் அடுக்கு ஊர் வண்டிக்கு, மேல் அடுக்கு துறைமுக வண்டிக்கு. நல்ல யோசனைதான். ஆனால் இடையில் 2011இல் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னையை விட்டு எண்ணூர் பக்கம் போயின. 2013இல் காட்டுப்பள்ளி தொடங்கியது, கணிசமான பெட்டிகள் அங்கே நகர்ந்தன. சாலைக்கு வயது ஏறுவதற்குள் சரக்கு வேறு கேட்டுக்குப் போய்விடும் என்பதையும் உங்கள் முப்பது வருடக் கணிப்பில் எங்காவது சேர்க்க முடிந்தால் சேருங்கள்.

புதுநகர்_வாசி

மணலி புதுநகரில் இருக்கிறேன். தினமும் மகளைப் பள்ளியில் விட ஸ்கூட்டியில் இந்தச் சாலையில்தான் போகிறேன், அதனால் நானும் சொல்லிக்கொள்கிறேன்.

தம்பியின் ஆய்வில் நாங்கள் எங்கே வருகிறோம்? இடது பக்கம் நிற்கிற ட்ரெய்லரால் இரு சக்கர வண்டி எல்லாம் நடுச் சாலைக்குத் தள்ளப்படுகிறது. பின்னால் இன்னொரு ட்ரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். இரவில் நிற்கும் வண்டிக்குப் பின் விளக்கு கிடையாது, பிரதிபலிக்கும் பட்டையெல்லாம் மண் அப்பிக் கிடக்கும். கிட்டே போன பிறகுதான் வண்டி என்றே தெரியும். மழைக்காலத்தில் பள்ளம் எது தண்ணீர் எது என்று தெரியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் பட்டது தனிக் கதை.

டிரைவர்களைக் குறை சொல்லவில்லை. டூல் பாக்ஸைத் திறந்து அதன் மேல் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள், குளிக்க இடம் கிடையாது, கழிப்பறை கிடையாது. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவார்கள். துறைமுகத்துக்கு இத்தனை கோடி, அத்தனை கோடி என்று செய்தியில் வருகிறது, இவர்களுக்கு நாலு கழிப்பறை கட்ட யாருக்கும் தோன்றவில்லை. மணலி_ட்ரெய்லர் அண்ணாச்சி, உங்கள் வண்டியும் எங்கள் தெருமுனையில் நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்!

கோவை_ஃபார்வர்டிங்

இந்தப் பக்கத்து அனுபவத்தையும் சேர்க்கிறேன், ஆய்வுக்கு ஒப்பிட உதவும்.

கொச்சி வல்லார்பாடம் முனையம் 2011 பிப்ரவரியில் திறந்தபோது இணைப்பெல்லாம் கிட்டத்தட்டத் தயாராக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இடப்பள்ளியிலிருந்து 8.86 கி.மீ. ரயில் பாதை, அதில் வேம்பநாட்டுக் காயல் மேல் மட்டும் 4.62 கி.மீ. பாலம். நாட்டிலேயே நீளமான ரயில் பாலம் என்று ரொம்ப நாள் பேர். களமசேரியிலிருந்து கன்டெய்னர் சாலை தனியாக. அதற்காக மூலம்பிள்ளியில் 2008இல் மக்களை வீட்டிலிருந்து வெளியேற்றியது பெரிய போராட்டமாகவே ஆனது. இவ்வளவு செய்தும் அந்தப் பாலத்தில் ரயில் எப்போதாவதுதான் ஓடியது. கோவை சரக்குக்குக் கொச்சி இருநூறு கி.மீ.க்குள், திருப்பூருக்குக் கொஞ்சம் கூடுதல். அந்தத் தூரத்துக்கு யாரும் ரேக் பிடிக்கமாட்டார்கள். நேரடிக் கப்பல் குறைவு என்றால் தூத்துக்குடிக்கே வண்டியைத் திருப்பிவிடுவார்கள், எங்கே போனாலும் பாதிப் பெட்டி கொழும்பில் கப்பல் மாறத்தான் போகிறது.

எங்களுக்கு உண்மையில் நேரம் மிச்சமானது வேறு இடத்தில். கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட் தெரியுமா? வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும், சில நாள் இரவு முழுக்க அங்கேயே போகும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து செக்போஸ்ட் போனது, வரிசையும் போனது. ஒரு அடி தார் போடாமல் எங்கள் கொச்சி ஓட்டம் மணிக்கணக்கில் குறைந்தது. அதன் பிறகு குதிரான் மலையில் 2021இல் முதல் சுரங்கம் திறந்தார்கள், அங்கே மாட்டிக்கொண்டு நிற்கிற தொல்லையும் தீர்ந்தது. எங்கே அடைக்கிறது என்று பார்த்து அதைத் திறந்தால் போதும்.

விழிஞ்ஞத்தில் இப்போது நேர்மாறாக நடக்கிறது. 2025 மே மாதம் முறைப்படி திறந்துவிட்டார்கள். பாலராமபுரத்துக்குப் போட வேண்டிய 10.7 கி.மீ. ரயில் பாதையில் பெரும்பகுதி சுரங்கம், அதற்கு முன்பே துறைமுகம் ஓட ஆரம்பித்துவிட்டது. கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றுகிற பெட்டிக்குச் சாலையும் வேண்டாம், ரயிலும் வேண்டாம். ஆகவே தம்பி, "துறைமுகத்தில் இத்தனை பெட்டி" என்ற எண்ணை அப்படியே எடுத்துச் சாலைக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். அதில் எத்தனை கேட்டைத் தாண்டுகிறது என்று கேளுங்கள்.

ரயில்பிரியன்

தூரக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னும் பத்து வருடத்தில் பெங்களூர், ஓசூர் பெட்டிகள் எல்லாம் காட்டுப்பள்ளிக்குத்தான் வரும் என்றால், அப்போது ரயிலுக்கு நிலம் தேடினால் கிடைக்காது. இப்போதே பாதைக்கு இடம் ஒதுக்கி வைக்கச் சொல்லி ஆய்வில் எழுதலாமே? ஓடுவது பிறகு ஓடட்டும்.

மணலி_ட்ரெய்லர்

இடம் ஒதுக்கி வைக்கச் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம். தூரத்துப் பெட்டிக்கு ரயில்தான் சரி. ஓசூர் வண்டியெல்லாம் ராணிப்பேட்டை வழியாக வந்து எங்கள் வரிசையில் சேருவதில் எனக்கு என்ன லாபம்?

புதுநகர்_வாசி அம்மா, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. என் வண்டியும் நின்றிருக்கும், வேறு எங்கே நிறுத்துவது? நாங்களும் கேட்பது அதுதான். மீஞ்சூர் பக்கம் ஒரு முந்நூறு ட்ரெய்லர் நிற்கிற மைதானம், உள்ளேயே எடைமேடை, கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், ஒரு மெஸ். கேட்டிலிருந்து டோக்கன் எண் கூப்பிட்டால் மட்டும் வண்டி வெளியே வர வேண்டும். கட்டணம் வைத்தால் கொடுக்கிறோம், ஹால்டிங்கில் (வண்டி சும்மா நிற்பதில்) போகிற காசைவிட அது குறைவுதான். இதற்குக் காயல் மேல் பாலம் கட்டத் தேவையில்லை. பள்ளி நேரத்தில் வண்டி ஓட்டாமல் இருக்கச் சொன்னாலும் இருப்போம், நிற்க இடம் இருந்தால்.

தம்பி, கணக்கெடுப்புக் கேட்டீர்களே. பகலில் எடுத்துப் பிரயோஜனம் இல்லை. மாதக் கடைசி வாரத்தில் இரவு ஒன்பதிலிருந்து விடிகிற வரை ஒரு நாள், மாத நடுவில் அதே மாதிரி ஒரு நாள். வெளிவட்டச் சாலை மீஞ்சூரில் முடிகிற இடம், மணலி எம்.எஃப்.எல். (உரத் தொழிற்சாலை) சந்திப்பு, வண்டலூர் முனை, இந்த மூன்றும் போதும். வண்டியை மட்டும் எண்ணாதீர்கள். பின்கதவைப் பாருங்கள். சீல் தொங்கினால் லோடு, சீல் இல்லாவிட்டால் பெரும்பாலும் காலி. பெட்டி எண்ணுக்குக் கீழே ஒரு குறியீடு இருக்கும். 22ஜி1 என்றால் 20 அடி, 45ஜி1 என்றால் 40 அடி ஹைக்யூப். பெட்டியே இல்லாத ட்ரெய்லரைத் தனிப் பத்தியில் போடுங்கள், அந்தப் பத்தி உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். பெட்டி எண்ணையும் குறித்துக்கொண்டால் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்கிற பெட்டி கண்காணிப்புத் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். எந்த நேரம் துறைமுக கேட்டைத் தாண்டியது, எந்த டோல் கடந்தது என்று காட்டும். நிற்கிற நேரத்தை அதிலிருந்தே பிடித்துவிடலாம், எங்கள் பேச்சை நம்ப வேண்டியதில்லை.

நின்றுகொண்டிருக்கிற டிரைவரிடம் கேட்கப் போனால் படிவத்தை நீட்டாதீர்கள், ஆர்.டி.ஓ. ஆள் என்று நினைத்து நகர்ந்துவிடுவார். எத்தனை மணிக்கு வந்து நின்றீர்கள், எதற்காக நிற்கிறீர்கள், இதை இறக்கிவிட்டு அடுத்து எங்கே, இந்த மூன்றைப் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். நிறையப் பேர் ஜார்க்கண்ட், பீகார் பக்கத்துப் பையன்கள், இந்தி தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எம்.எஃப்.எல். பக்கம் இரவில் தூசி தாங்காது, முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்று தெரிகிற ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள், அம்மா சொன்ன மாதிரி அங்கே விளக்கு இல்லை.

திட்டமிடல்_மாணவன்

அண்ணா, இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இரவு மீஞ்சூர் முனையில் தொடங்குகிறோம், நாலு பேர். இந்தி பேசுகிற நண்பர் வருகிறார். காலிப் பெட்டி, வெறும் ட்ரெய்லர், லோடு என்று மூன்று பத்தி போட்டுப் புதுப் படிவம் தயார் செய்துவிட்டேன், நிற்கிற காரணத்துக்கு நாலாவது. புதுநகர் அக்கா, பள்ளி நேரத்தில் உங்கள் சாலையிலும் ஒரு காலை எண்ண வேண்டும். எந்தப் பேருந்து நிறுத்தம் வசதி என்று சொல்கிறீர்களா?

புதுநகர்_வாசி

பேருந்து நிறுத்தத்தில் நின்றால் எதுவும் தெரியாது தம்பி, முன்னால் ட்ரெய்லர் மறைத்துக்கொண்டு நிற்கும். எதிர்ப் பக்கம் மருந்துக்கடை மாடியில் நில்லுங்கள், கடைக்காரரிடம் நான் சொல்லி வைக்கிறேன். ஏழே முக்காலுக்குள் வந்துவிடுங்கள்.